உப்பைத் தின்ற வண்டி

ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த நம் முன்னோர், அவற்றில் இரண்டுக்குப் பனியின் பெயரையே சூட்டினார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் அந்தப் பனி வேறு, கானடா தேசத்துப் பனி வேறு. நம்முடைய பனி புல் நுனியில் சற்று உட்கார்ந்திருந்து, சூரியோதயமானதும் மரியாதையாக எழுந்து போய்விடும். அந்த ஊர்ப் பனியோ முழங்கால் ஆழத்துக்குத் தெருவை அடைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் விருந்தாளியாகத் தங்கி, வீட்டுக்காரரைப் படாத பாடு படுத்தும். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் பாஷையின் தாராள குணம். அதனால்தான் டொராண்டோவில் இருக்கும் பிள்ளைக்குத் தாம்பரத்திலிருந்து டெலிபோன் செய்யும் தாயார், "பனி அதிகமாமே, தலையில் துணி கட்டிக்கொள்" என்று மனப்பூர்வமாக எச்சரிக்கிறாள். பிள்ளையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "சரி அம்மா" என்கிறான்.

அந்தப் பிள்ளையைத் தொந்தரவு செய்வது பனி மட்டும் அன்று. பனியைப் போக்குவதற்காகக் கொட்டும் உப்பும் சேர்ந்துதான். குளிர்காலம் பிறந்தவுடன் அங்கே நகரசபையார் லாரி லாரியாகச் சாலையில் உப்பை இறைக்கிறார்கள். இது திருஷ்டி கழிப்பதற்காக அல்ல. வெறுந்தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடும். உப்புக் கரைந்த தண்ணீர் அதற்கும் கீழே குளிர்ந்தால்தான் உறையும். ஆகவே பனிக்கட்டியின்மேல் விழுந்த உப்பு அதைக் கரைத்து ஓடச் செய்கிறது. சக்கரம் வழுக்காமல் தரையைப் பற்றுகிறது. குளிர் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டால் சாதாரண உப்பின் ஜம்பம் பலிப்பதில்லை. அப்போது மணலைத் தூவுவார்கள், அல்லது கால்ஷியம் குளோரைடு என்ற வேறொரு உப்பைத் தேடுவார்கள். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் 1930-களின் கடைசியில் இந்த வழக்கம் தொடங்கிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு குளிர்நாடெங்கும் பரவிற்று. இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட உப்பு தெருவுக்குப் போகிறது. கானடாவில் ஏறக்குறைய 50 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு பிடி உப்புக்காக 1930-ஆம் வருஷம் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்கள் வெயிலில் நடந்த தேசம் இது. அத்தகைய தேசத்தில் பிறந்தவர்களுக்கு, மலைமலையாக உப்பைக் கொட்டி அதன்மேல் மோட்டார் ஓட்டும் செய்தி சற்று மனத்தை உறுத்தத்தான் செய்யும். ஆனால் உயிரைவிட உப்புப் பெரிதல்ல. அந்த உப்பு அங்கே எத்தனையோ விபத்துகளைத் தடுத்திருக்கிறது. குறை சொல்ல நாம் வரவில்லை.

குறை சொல்பவர்கள் அந்த நாட்டாரே. 2001-இல் கானடா சர்க்கார், சாலை உப்பை ஆராய்ந்து, சுற்றுப்புறத்துக்குத் தீங்கு செய்யும் பொருள்களில் அதுவும் ஒன்று என்று தீர்ப்புச் சொன்னது. கரைந்த உப்பு ஏரிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்கிறது. சேர்ந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க யாராலும் முடிவதில்லை. மிச்சிகன் மாகாணத்துப் பிளிண்ட் நகரில் 2014-இல் ஆற்று நீரைக் குடிநீராக விட்டபோது, அந்நீரில் குளோரைடு மிகுந்திருந்ததால், அங்கிருந்த மோட்டார் தொழிற்சாலை ஒன்று எஞ்சின் உறுப்புகள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி அந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. அந்தக் குளோரைடில் சாலை உப்புக்கும் பங்கு உண்டு. இரும்பு வேண்டாம் என்று தள்ளிய தண்ணீரை ஜனங்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்! பழைய ஈயக் குழாய்களை அது அரித்ததனால் விளைந்த அவலத்தை உலகம் அறியும்.

வண்டிகளின் கதியோ இன்னும் பழைய கதை. சாலையில் கரைந்த உப்புநீர் சக்கரத்திலிருந்து தெறித்து வண்டியின் அடிவயிற்றில் படிகிறது. சேஸிஸ் என்னும் சட்டம், பிரேக் எண்ணெய் ஓடும் குழாய், சைலன்ஸர், தளத்தகடு எல்லாவற்றையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. 2015-இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு இலாகா, துருப்பிடித்து வெடிக்கும் பிரேக் குழாய்களைப் பற்றி வெகுகாலம் விசாரித்தபின் வெளியிட்ட ஆலோசனை என்னவென்று நினைக்கிறீர்கள்? குளிர்காலம் நெடுகிலும் வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள் என்பதே முக்கியமானது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நம் கிராமத்துப் பாட்டி எப்போதோ சொல்லி வைத்தாள். வண்டிக்கும் அது பொருந்துகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரத்தில் யாரும் சாலையில் உப்பு இறைப்பதில்லை. ஆனால் கிழக்கே 13 கிலோமீட்டர் தூரத்தில் வங்கக் கடல், நகரசபைக்கு ஒரு காசு செலவு வைக்காமல், இரவு பகலாக அந்தக் கைங்கரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

கரையில் அலை உடையும்போது நுரை பொங்குகிறதல்லவா? அந்த நுரையின் ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத திவலைகள் ஆகாயத்தில் எழும்புகின்றன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. திவலையில் உள்ள தண்ணீர் காற்றிலே வற்ற, உப்புத் துகள் மட்டும் காற்றோடு உள்ளே வருகிறது. கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே, கழிமுகத்து நீரைப் பாத்தி கட்டித் தேக்கி உப்பு விளைவித்த அளங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த உப்பு வெள்ளையாகக் குவிந்து கண்ணுக்குத் தெரிந்தது. இந்த உப்பு தெரிவதில்லை. ஆனால் நீலாங்கரையிலோ ஈஞ்சம்பாக்கத்திலோ மாலை வேளையில் வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடியை விரலால் தேய்த்து நாவில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். (விரலைப் பிறகு கழுவிக்கொள்ளவும்.)

ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். காற்று சுமந்து வரும் உப்பில் பெரும்பகுதி கரையை அடுத்த சில நூறு கஜங்களிலேயே கீழே விழுந்துவிடுகிறது. சோழிங்கநல்லூரைத் தாண்டி, மேடவாக்கத்தைத் தாண்டி, தாம்பரத்துக்கு வந்து சேர்வது மிச்சமும் மீதியுந்தான். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து க்ஷயரோகிகளுக்காக ஆரோக்கிய நிலையம் ஒன்றை நிறுவத் தேர்ந்தெடுத்த இடமல்லவா தாம்பரம்? காற்றுக்குப் பெயர் போன ஊர். ஆகையால் தாம்பரத்து வண்டி தாம்பரத்திலேயே இருந்தால் உப்புப் பயம் அதிகமில்லை. வண்டி எங்கே இருக்கிறது? காலையில் வேளச்சேரிச் சாலை வழியாகவோ, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகவோ புறப்பட்டுக் கடலோர அலுவலகங்களின் வாசலில் பகல் முழுவதும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று உலாவுகிறது. 2002-இல் அந்தச் சாலை சுங்கம் வசூலிக்கும் பெருஞ்சாலையானது முதல் தென்சென்னைக்கு அது வீட்டு முற்றம் மாதிரி ஆகிவிட்டது. உப்பைக் கரையில் வாங்கி, தாம்பரத்துக்குக் கொண்டுவந்து, இரவில் நிதானமாக ஜீரணிப்பது வண்டியின் தினசரி வழக்கம்.

ஜீரணிப்பது என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. சமையலறை உப்பு ஜாடியை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் கலகலவென்று இருக்கும் கல்லுப்பு, ஐப்பசி அடைமழையில் கசிந்து நீர் விட்டுக்கொள்கிறது. மழைத்துளி ஒன்றும் ஜாடிக்குள் விழவில்லை. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடுவது அதன் சுபாவம். அதிலும் கடல் உப்பில் மக்னீஷியம் குளோரைடு கலந்திருக்கிறது. அது ஈரப்பதம் நூற்றுக்கு 33 இருந்தாலே நனைந்துவிடும் குணம் உடையது. சென்னையின் மார்கழி விடியற்காலையில் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று கோலம் போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த தகடு ஒவ்வொரு ராத்திரியும் உப்புநீரில் ஊறுகிறது. உப்பு ஜாடிக்குள் இரும்புக் கரண்டியைப் போட்டு வைக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டித்தது எதற்காக? அந்தக் கரண்டியின் ஸ்தானத்தில் இப்போது நம் வண்டி இருக்கிறது.

துரு என்பது இரும்பு பிராண வாயுவோடும் நீரோடும் கூடித் தன் பூர்வாசிரமமாகிய மண்ணுக்குத் திரும்பும் முயற்சி. நல்ல தண்ணீரிலும் அது நடக்கும். ஆனால் மெதுவாக நடக்கும். உப்பு கலந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. தகட்டின் ஓரிடத்தில் இரும்பு கரைய, மற்றோரிடத்தில் பிராண வாயு அதன் மின்னணுக்களை வாங்கிக்கொள்ள, சின்ன பாட்டரி ஒன்று வேலை செய்யத் தொடங்குகிறது. தகட்டின்மேல் இயற்கையாக ஏற்படும் காப்புப் படலத்தையும் குளோரைடு துளைத்துவிடுகிறது. வெப்பம் அதிகமானால் இந்த வியாபாரம் துரிதப்படும். குளிர்நாட்டில் உப்புப் படிந்த வண்டியைக் கதகதப்பான கொட்டகையில் விட்டால், வெளிக்குளிரில் நின்ற வண்டியைவிடச் சீக்கிரம் துருவேறும் என்கிறார்கள். நமக்கோ ஊர் முழுவதுமே கதகதப்பான கொட்டகைதான்!

இதன் பலம் எவ்வளவு என்று காணப் பாம்பனுக்குப் போக வேண்டும். உலகத்திலேயே இரும்பை மிகக் கடுமையாக அரிக்கும் கடற்காற்றுகளில் ஒன்று அங்கே வீசுகிறது. 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் அதனோடு மல்லுக்கட்டிற்று. அதற்கு ஓயாமல் வர்ணம் பூசுவதும் தேய்ந்த உறுப்பை மாற்றுவதுமாகத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உழைத்தார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பக்கத்திலே புதிய பாலம் திறக்கப்பட்டது; அதிலே துருவேறாத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சும் உபயோகமாகியிருக்கின்றன.

இந்த அரிப்பு வித்தையை ஆராய்வதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய ஸ்தாபனம் இருப்பது பலருக்குத் தெரியாது. காரைக்குடியில் டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாக அளிக்க, 1948-இல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. மண்டபத்துக் கடற்கரையில் அவர்களுக்கு ஒரு பரிசோதனைக் களம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வரிசையாக மாட்டி வைத்து, மாதங்களும் வருஷங்களும் கழித்து எடுத்து எடை பார்க்கிறார்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் காற்று தின்றிருக்கிறது. தேசத்தின் எந்தப் பிரதேசத்தில் எவ்வளவு அரிப்பு என்று படம் வரைந்தவர்களும் அவர்களே. தாஜ்மகாலுக்குப் போட்டோ எடுக்கப் போகும் நம்மவர்கள் காரைக்குடிப் பக்கம் போகும்போது இந்த ஸ்தாபனத்தையும் வெளியிலிருந்தாவது ஒரு தரம் பார்த்து வரலாம்.

குளிர்காலத்தில் வண்டி ஓட்டுவது நம் ஊரில் எப்படி இருக்கிறது? வழுக்கலுக்கு இங்கே பனிக்கட்டி தேவையில்லை. ஐப்பசியின் முதல் மழை போதும். வெயில் நாட்களில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் அந்த முதல் அரைமணி நேரத் தூறலில் குழம்பாகிவிடும். பலத்த மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும்; தூறல்தான் பொல்லாதது. அந்த அரைமணியில் மெதுவாகப் போவதைத் தவிர வேறு உபாயம் இல்லை. மார்கழி, தை மாதங்களில் ஜி.எஸ்.டி. ரோட்டில், முக்கியமாக வண்டலூருக்குத் தெற்கே ஏரிகளை அடுத்த பகுதிகளில், விடியற்காலை மூடுபனி இறங்குகிறது. போகிப் பண்டிகையன்று பழைய பாய்களின் புகையும் அதனோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2018-ஆம் வருஷத்துப் போகிப் புகையில் மீனம்பாக்கத்து ஆகாய விமானங்களே நேரம் தவறின. அத்தகைய காலையில் முகப்பு விளக்கை உயர்த்திப் போடுகிறவர் தம் கண்ணைத் தாமே குருடாக்கிக்கொள்கிறார். ஒளி பனியில் பட்டுத் திரும்பி அவர் முகத்திலேயே விழும். தாழ்ந்த விளக்கே அங்கே உதவும்.

காலையில் மோட்டார் சைக்கிளை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இரவு ஈரத்தில் நின்ற வண்டியின் பிரேக் தட்டு செம்மண் பூசியது போல் இருக்கும். இரண்டு மூன்று தடவை பிரேக்கை அழுத்தினால் அது தேய்ந்து போய்விடும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கடலோரத்தில் வாரக் கணக்கில் நிற்கும் வண்டியில் அதே துரு குழி போட்டுவிடுகிறது. மோட்டார் காரைக் கைப்பிரேக் இழுத்தபடி நாலைந்து நாள் அடைமழையில் விட்டுவிட்டால், பிரேக் கட்டையும் டிரம்மும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, வெகுநாள் பிரிந்திருந்த தம்பதிகளைப் போல் விலகவே மறுக்கும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லைத் தடுப்பாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வெள்ளம் வந்த வருஷங்களைத் தாம்பரத்தார் மறக்க மாட்டார்கள். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடியும் அதே பாதையைக் காட்டிற்று. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எஞ்சினைச் சாவி போட்டுத் திருகிப் பார்ப்பது மகா தவறு. உள்ளே போன தண்ணீர் அப்போதுதான் எஞ்சினை உடைக்கிறது. இது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாத விஷயம் ஒன்று உண்டு: வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் கால்மிதிக்கும் தளத்தகட்டுக்கும் நடுவே உள்ள பஞ்சுவிரிப்பு மாதக் கணக்கில் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும். மேலே வாசனைப் புட்டி, அடியிலே துரு.

அடியிலே என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். மேற்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் எல்லோரும் துக்கம் கொண்டாடுகிறோம். அடியில் தகடு பொத்தலாகும்போது யாருக்கும் தெரிவதில்லை. 2012 ஜூலை 25-ஆம் தேதி இதே முடிச்சூரில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குத் திரும்பிய இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பஸ்ஸின் தளத்திலே இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அந்த பஸ்ஸின் சக்கரத்திலேயே மாண்டாள். ஓட்டை ஒரு பலகையால் மூடப்பட்டிருந்தது. தகுதிச் சான்று பெற்று ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. சென்னை உயர்நீதிமன்றம் யாரும் மனுப் போடாமல் தானாகவே அந்த விஷயத்தை எடுத்து விசாரித்தது; அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் பிறந்தன. விதிகள் வந்தது நல்லதே. அவை வருவதற்கு ஒரு குழந்தை போக வேண்டியிருந்தது.

வண்டியின் அடிப்பக்கத்தைக் காப்பது பிரமாதமான வித்தை அல்ல. நம் பட்டறைக்காரர்கள் 'வாட்டர் சர்வீஸ்' என்று எழுதிப் பலகை மாட்டியிருக்கும் இடத்தில், வண்டியை மேடையில் ஏற்றி அடியிலிருந்து நீர் பீய்ச்சினால் உப்பும் சேறும் போய்விடும். மேலே பளபளவென்று துடைத்து, அடியைத் தொடாமல் அனுப்பும் இடங்களும் உண்டு; அங்கே கொடுக்கும் காசு கண்ணாடிக்குக் கொடுத்த காசு. மட்கார்டின் உள்மடிப்பும் கதவின் கீழ்விளிம்பும் முக்கியம். கதவின் அடியில் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேறுவதற்காகத் தயாரித்தவர்களே வைத்த வழி. அதில் சேறு அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தொட்டியாகி, உள்ளிருந்தே அழுகும். ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

கழுவும் தண்ணீர் எது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்துப் பேசுவது சென்னைக் குடும்பங்களுக்குப் பழக்கந்தானே? சோற்றுக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று. கடலோரக் கிராமங்களில், நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியதால், ஆழ்துளைக் கிணற்றுக்குள் கடலே வந்து புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீரால் வண்டியைக் கழுவுவது, எண்ணெய்க் கறையை எண்ணெயால் துடைப்பது போல. 2003 முதல் சட்டப்படி வீடுதோறும் அமைத்திருக்கும் மழைநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு வாளி கடைசியாக ஊற்றினாலே பெரிய உபகாரம். மழையில் நனையட்டும் என்று வண்டியைத் திறந்தவெளியில் விடுகிறவரைப் பக்கத்து வீட்டார் சோம்பேறி என்பார்கள்; கடலோரத்தில் அவர் புத்திசாலி. மழை மேற்புறத்து உப்பைக் கழுவிவிடுகிறது. கூரையின் கீழ் உப்புக் காற்று மட்டும் நுழைந்து மழை நுழையாத இடத்தில்தான் துரு மும்முரமாகப் பிடிக்கிறது. தார்ப்பாய்ப் போர்வையும் அப்படியே. ஈரம் உள்ளே இருக்கும்போது போர்த்தினால் வண்டிக்கு ஜலதோஷம் விடாது. டொராண்டோவில் ஸ்கார்பரோப் பகுதியில் குடியேறிய ஈழத்துத் தமிழர்கள் குளிர்காலத்துக்கு முன்பு வண்டியின் அடியில் எண்ணெய் தெளித்துக்கொள்ளும் அவ்வூர் வழக்கத்தைப் பழகிவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருப்பவர்களுக்கும் அது ஏற்றதே. சூடாகும் சைலன்ஸர் மீதும், பிரேக் தட்டின் மீதும் மட்டும் எண்ணெய் படக்கூடாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டி பார்த்து வர்ணம் அடித்த வண்டி மணப்பெண் மாதிரி இருக்கும். பட்டிக்கு அடியில் இரும்பு எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு ஓரத்திலும் கதவடியிலும் ஒட்டிப் பாருங்கள். தகடு இருந்தால் ஒட்டும். பட்டி கனமாக இருந்தால் நழுவும். பிறகு கால்மிதியைத் தூக்குங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பரீட்சையே. வெள்ளத்தில் கிடந்து காயலாங்கடைக்குப் போக வேண்டிய வண்டிகள் வழியிலே மனம் மாறிச் சந்தைக்குத் திரும்புவதுண்டு.

பள்ளி வாகனங்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012-க்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு, அதிகாரிகள் அவற்றை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் படிக்கட்டு, அவசர வழி, தளம் எல்லாம் பார்க்கிறார்கள். மே மாதம் என்பது சென்னையில் எல்லாம் காய்ந்து கிடக்கும் காலம். அதன் பிறகுதான் வடகிழக்குக் காற்று வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் வருகின்றன. தெருவில் தேங்கிய தண்ணீரை வண்டி தினம் இரண்டு வேளை கடக்கிறது. குழந்தைகள் ஈரக் காலோடும் சொட்டும் குடையோடும் ஏறி இறங்குகிறார்கள். தளத்து ரப்பர் விரிப்புக்கு அடியில் அந்த ஈரம் மார்கழி முழுவதும் தங்குகிறது. மே மாதச் சோதனையில் தேறிய தளம் தை மாதத்தில் எப்படி இருக்கிறது என்று சர்க்கார் விதியை எதிர்பாராமலே பார்த்துவிடலாம். பொங்கல் விடுமுறையில் வண்டிகள் எப்படியும் ஓடாமல் நிற்கின்றன. பெற்றோர்களில் இரண்டு பேரும், நிர்வாகிகளில் ஒருவரும், ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து, விரிப்பைச் சுருட்டி, ஒரு சுத்தியலால் தளத்தைத் தட்டிப் பார்க்க ஒரு வண்டிக்குக் கால்மணி நேரம் ஆகும். கெட்டித் தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு தகரடப்பாவைப் போல் பொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடத்தில் பலகையை வைத்து மூடாமல், தகட்டை அறுத்தெறிந்து புதுத் தகடு பற்றவைத்த பிறகே பள்ளி திறக்கும் நாளில் அந்த வண்டி வாசலை விட்டு வெளியே வர வேண்டும்.